பெஞ்சு இல்லாத ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக் கூடத்தில் மூன்று சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கின்றன. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் மூன்றும் காலியாக இருந்தன. அவற்றுக்கு எதிரே தரையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். மூன்று பேருக்கும் வயது எழுபதை ஒட்டி. மூன்று பேருக்கும் முழங்கால் பேருக்குத்தான் இருந்தது.

ஹெரால்ட் ஐயா சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் வாசல் பக்கம் நேராக நீட்டியிருந்தார். டீ டம்ளரைத் தரையில் வைத்தால் மறுபடி குனிந்து எடுக்க முடியாது என்று கையிலேயே பிடித்திருந்தார். அவர் மனைவி மார்கிட் அம்மா ஒரு பக்கமாகச் சரிந்து கையை ஊன்றியிருந்தார். அடிக்கடி கையை மாற்றி ஊன்றினார். முகத்தில் மட்டும் சிரிப்பு மாறவில்லை.

எனக்கு நாற்காலியில் உட்கார ஆசைதான். ஆனால் வந்தவர்கள் தரையில் இருக்கும்போது வீட்டுக்காரி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? அவர்கள் தரையை விடமாட்டார்கள். வந்த அன்றைக்கே ஐயா சொல்லிவிட்டார்: "சகோதரியே, நாங்கள் தங்களைப் போலவே வாழ விரும்புகிறோம்."

என்னைப் போல வாழ்வதென்றால் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி, டீ குடித்துக்கொண்டே சீரியல் பார்க்க வேண்டும். அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மாடிக்கு வந்தவர்கள்

இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு பட்டுக்கடையில் வேன் ஓட்டிச் சேர்த்துக் கட்டியது. அவர் போய்விட்டார். மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலை. பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கேயே போய்விட்டான். மாடி காலி.

எங்கள் சர்ச் சின்னது. காஞ்சிபுரத்தில் கோயில் என்று சொன்னால் எந்தக் கோயில் என்று கேட்பார்கள், அதனால் நாங்கள் சர்ச் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இருந்த பாஸ்டர் மாற்றலாகிப் போனார். புதியவர் வரும்வரை துணையாக இருக்க, வெளிநாட்டில் இருந்து வயதான மிஷனரி தம்பதி வருகிறார்கள் என்று சொன்னார்கள். அந்த நாட்டின் பெயர் என் வாயில் நுழையாது. பாதி வருஷம் பனி பெய்யுமாம்.

எங்கள் கமிட்டி செயலாளர் செல்வராஜ், என் வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தம். அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சித்திரை வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டுதான் சர்ச்சுக்கு வருவார். அவர் நேரில் நின்று என் மாடியைப் புதுசாக்கினார். பெயிண்ட் அடித்தார்கள். ஏசி மாட்டினார்கள். சோபா வந்தது. முள் கரண்டிகூட வாங்கி வைத்தார்.

வந்தவர்கள் ஏசியைக் கழற்றச் சொன்னார்கள். சோபா வந்த வழியே படியிறங்கியது. பாய் இரண்டு கேட்டார்கள். மேல்நாட்டுக் கக்கூஸை மட்டும் திருப்பி அனுப்பவில்லை.

தாங்களும் கத்திரிக்காயும்

இருவரும் தங்கள் ஊரிலேயே புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்துவிட்டு வந்திருந்தார்கள். ஒரு நாள் காய்கறி வண்டிக்காரன் கூடையைப் போட்டுவிட்டு என் வீட்டுக்குள் ஓடி வந்தான்.

"ஆயா, மேல இருக்கறாரே அவரு, 'தங்களிடம் இளம் கத்திரிக்காய் உள்ளதா'ன்றாரு. கல்வெட்டு பேசுற மாதிரி இருக்குது. பயந்துட்டேன்."

"இருக்குதுன்னா இருக்குதுன்னு சொல்லேன்பா."

"இல்ல ஆயா, அதுக்கு பதில் சொல்றதுக்கு எனக்கு படிப்பு பத்தாது."

எனக்கும் பத்தாது. நான் ஐந்தாவதோடு நின்றவள். மேலும் எனக்கு யார் எதிரிலும் பேச வராது. ரேஷன் கடையில்கூட முன்னால் நிற்பவர் பேசுவதற்குத் தலையாட்டியே சாமான் வாங்கிவருவேன். அதனால் அவர்கள் என்ன கேட்டாலும் சிரித்து வைத்தேன். அவர்களும் சிரித்தார்கள். நல்ல ஒட்டுதல் உண்டாகிவிட்டது.

எஸ்தர் எங்கள் தெருவில் ஜாக்கெட் தைப்பவள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், பத்து பேர் பேச்சை ஒருத்தியாகப் பேசுவாள். அவள் ஞாயிறு தவறாமல் அவர்களுக்குக் கோழி பிரியாணி கொண்டுவந்தாள். ஒரு ஞாயிறு மார்கிட் அம்மா, "தாங்கள் தினந்தோறும் உண்ணும் எளிய உணவைத் தர இயலுமா? கூழ்?" என்று கேட்டுவிட்டார்.

எஸ்தர் கீழே வந்து என்னிடம் குதித்தாள். "கூழாமே யக்கா! அத குடிச்சு குடிச்சு வெறுத்துப்போயி தானே நம்ம ஆயா அப்பன்லாம் இந்த பாடு பட்டாங்க? நான் கூழ் காய்ச்சி நாப்பது வருசமாவுது. எப்படி காய்ச்சுறதுன்னே மறந்துபோச்சு."

ஒரு யூடியூப் சேனலைப் பார்த்துக் காய்ச்சிக் கொடுத்தாள். மார்கிட் அம்மா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்தியில் என்று நினைத்தோம். பச்சை மிளகாயைக் கடித்திருந்தார்.

இதற்குள் ஐயா வேட்டி ஜிப்பாவுக்கு மாறிவிட்டார். வேட்டியின் மேல் பெல்ட். செருப்பில்லாத கால். பக்கத்தில் கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூவோடு செல்வராஜ். தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு வெளிநாட்டுக்காரர் யார் என்று சந்தேகம் வந்திருக்கும்.

ஆமென்

ஒரு ஞாயிறு ஐயா பிரசங்க மேடையில் நின்று எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

"எங்கள் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்து, தங்கள் மேல் பல சுமைகளை ஏற்றினர். இந்தப் பெஞ்சுகளும் அவற்றில் ஒன்று. தரையில் அமர்வது தங்கள் பண்பாடு. அதை நாங்கள் கெடுத்தோம். அடுத்த ஞாயிறு முதல் பெஞ்சுகள் இரா. நாம் அனைவரும் தரையில் அமர்வோம்."

"ஆமென்" என்றது சபை.

நாங்கள் அதற்குச் சம்மதித்து ஆமென் சொல்லவில்லை. மேடையில் இருந்து ஒரு வாக்கியம் முடிந்தால் ஆமென் சொல்லிப் பழகிய வாய். ஐயாவுக்கு அது தெரியாது. எங்கள் ஒற்றுமையைப் பார்த்து அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பெஞ்சுகளை எடுத்துப்போய் வைத்துக்கொள்ள காதர் பாய் ஒத்துக்கொண்டார். அவர் பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுபவர். என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதர். ஜமுக்காளம் இறக்க வந்தவர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ரூத்தம்மா, இன்னா கூத்து இது? கல்யாண வீட்டுல இப்ப ஜமுக்காளம்னு சொன்னா சண்டைக்கு வராங்க. குஷன் வெச்ச சேர் கேக்குறாங்க. இத பரண்ல இருந்து எடுத்து தட்டினேன், எலி குடும்பத்தோட வெளிய வந்துச்சு."

எழுந்து நிற்பது எப்படி

தரையில் உட்காருவது பெரிய கஷ்டமில்லை. பிடி விட்டால் உடம்பு தானாகக் கீழே போய்விடும். எழுவதுதான் பாடு. எங்கள் ஆராதனையில் எழுவதும் உட்காருவதும் முழங்கால் போடுவதும் தறியின் மிதிகட்டை போல மாறி மாறி வரும்.

முதல் பாட்டுக்கு எழுந்தோம். சுவரோரம் இருந்தவர்கள் சுவரைப் பிடித்தார்கள். நடுவில் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர் தோளைப் பிடித்தார்கள். அவர் அவருக்கு முன்னால் இருந்தவரைப் பிடித்தார். கடைசிச் சரணம் வந்தபோது பாதிப் பேர் எழுந்திருந்தோம். அப்போது ஐயா, "அமருங்கள்" என்றார்.

'விசுவாசிக்கிறேன்' என்று எல்லோரும் நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்துக்கு எஸ்தர் எழவேயில்லை. "நான் உக்காந்தே விசுவாசிக்கிறேன்" என்று என் காதில் சொன்னாள். ஷூவைக் கழற்ற வேண்டியிருந்ததால் செல்வராஜின் சாக்ஸில் இருந்த ஓட்டையும், ஓட்டை வழியே கட்டைவிரலும் சபைக்குத் தெரிந்தன. ஆசீர்வாதம் முடிந்ததும் ஐயாவால் எழ முடியவில்லை. இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். "சகோதரரின் கரங்கள்!" என்று அவர் மகிழ்ந்துபோனார்.

வெளியே வேப்பமரத்தடியில் செல்வராஜ் பொரிந்து தள்ளினார்.

"எங்க தாத்தாவ ஆண்டைங்க தரையில உக்கார வெச்சாங்க. அது வேணாம்னு தானே நாம சர்ச்சுக்கு வந்தோம்? இவரு கப்பலேறி வந்து மறுபடியும் தரைன்றாரு! இன்னைக்கு நான் நேரா கேட்டுடப் போறேன்."

ஐயா இரண்டு பேர் தாங்க வெளியே வந்தார். "எவ்வாறு இருந்தது, சகோதரரே?"

"ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சுங்க ஐயா!" என்றார் செல்வராஜ்.

அந்த ஆசீர்வாதத்தின் பலன் உடனே கிடைத்தது. பெஞ்சுகள் இனி சபைக்குத் தேவைப்படாததால் கூரம் கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தானமாகக் கொடுப்பதாகவும், சனிக்கிழமை லாரி வருவதாகவும் ஐயா அங்கேயே சொல்லிவிட்டார். லாரி ஏறிய பெஞ்சு திரும்பி வராது.

எல்லோரும் சிரித்தபடி நின்றார்கள். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

என் அம்மா உட்கார்ந்த இடம்

அந்தப் பெஞ்சுகளை யாருடைய முன்னோரும் கப்பலில் கொண்டுவரவில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டுக்கு ஒன்றாக எங்கள் ஆட்களே செய்து போட்டது. ஒவ்வொன்றின் முதுகிலும் கொடுத்த குடும்பத்தின் பெயர் பெயிண்டால் எழுதியிருக்கும். ஒன்றில் என் அம்மா பெயர் இருக்கிறது.

அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். வயல்காரர் வீட்டு வாசலில் நிற்பாள். உட்காரச் சொன்னால் மண்ணில் உட்காருவாள். டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தாலும், வெள்ளைச்சட்டைக்காரர் யாராவது ஏறினால் எழுந்துவிடுவாள். யாரும் எழச் சொல்ல வேண்டியதில்லை. கால் தானாக எழுந்துவிடும்.

ஒரு கல்யாணத்துக்கு அந்த வயல்காரர் எங்கள் சர்ச்சுக்கு வந்தார். மரியாதைக்கு வந்தவர், நல்ல மனிதர்தான். இடம் தேடி, அம்மா இருந்த பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். அம்மாவின் முழங்கால் எழப் பார்த்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவள் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நரம்பு புடைத்தது. ஜெபம் முடிந்து, தாலி கட்டி, பாட்டுப் பாடி முடியும்வரை விடவில்லை.

எழாமல் இருந்ததைப் பற்றி அவள் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரிக் குழம்பில் மட்டும் கருவாடு கூடுதலாக இருந்தது.

அந்தப் பெஞ்சு சனிக்கிழமை லாரியில் போகப்போகிறது.

பூனைக்கு மணி

திங்கட்கிழமை கமிட்டி என் வீட்டில் கூடியது. அந்த மூன்று நாற்காலிக்கும் போட்டி. ஐயாவிடம் யார் சொல்வது என்று பேச்சு.

"நான் சொல்லலாம்" என்றார் செல்வராஜ். "ஆனா செயலாளர் சொன்னா அது அபீசியலா ஆயிடும். அவரு மனசு ஒடஞ்சிடும்."

"நான் சொன்னா சண்டை மாதிரி இருக்கும்" என்றாள் எஸ்தர். அது உண்மை. அவள் நன்றி சொன்னாலே சண்டை மாதிரி இருக்கும்.

எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"அக்கா சொல்லட்டும். அக்கா வீட்டு மாடியில தானே அவங்க குடியிருக்காங்க. அக்கா தான் தினமும் பாக்குறாங்க" என்றார் செல்வராஜ்.

"ஐயோ, எனக்குப் பேச வராதுப்பா."

"அதான்க்கா நல்லது. கம்மியா பேசுவீங்க. விசயம் மட்டும் போயி சேரும்."

அன்று சாயங்காலம் மாடி ஏறினேன். கதவைத் தட்டினேன். ஐயா திறந்து, "வருக, சகோதரியே!" என்றார். என் வாய் ஒட்டிக்கொண்டது. கையில் இருந்த அடையைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். மறுநாள் வாய் ஒட்டிக்கொண்டால் இருக்கட்டும் என்று முறுக்கு எடுத்துப்போனேன். அது வீணாகவில்லை. புதன்கிழமை சுண்டல்.

"தங்கள் விருந்தோம்பலுக்கு எல்லையே இல்லை" என்றார் ஐயா. "நாளை நாங்கள் தங்கள் இல்லம் வந்து நன்றி கூறுவோம்."

அப்படி வந்ததுதான் அந்த வியாழக்கிழமை.

தரையில் இரண்டு பேர்

ஐயாவுக்குப் போன் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்து, இரண்டு தவணையாக எழுந்து, பேசியபடியே வாசலுக்குப் போனார். நானும் மார்கிட் அம்மாவும் மட்டும்.

அவரும் எழப் பார்த்தார். முழங்கால் பாதியில் பூட்டிக்கொண்டது. "ஆ" என்றார். நான் தூக்கலாம் என்று எழப் பார்த்தேன். எனக்கும் பூட்டிக்கொண்டது. இருவரும் நகர்ந்து நகர்ந்து நாற்காலிப் பக்கம் போனோம். அவர் ஒரு நாற்காலியைப் பிடித்து எம்பினார். அது பிளாஸ்டிக், வழுக்கிக்கொண்டு சமையல்கட்டு வரை போய்விட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். அவரைப் பார்த்தேன். அவரும் அடக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் இரண்டு பேராலும் முடியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "தங்களுக்கும் முழங்கால் வலிக்கிறதா?"

"உயிர் போவுதுமா."

"பிறகு ஏன் தரையில் அமர்கிறீர்கள்?"

"நீங்க உக்காந்தீங்களே."

"நாங்கள் தாங்கள் அமர்வீர்கள் என்று அல்லவா அமர்ந்தோம்!"

சமையல்கட்டு வாசலில் நின்ற நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நான் பேச ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் சுண்டல் எடுக்கப் போயிருப்பேன். வயல், பஸ், கல்யாணம், அம்மாவின் இரண்டு கை எல்லாம் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அம்மாவின் கையை மட்டும் என் கையாலேயே காட்டினேன்.

அவரும் தன் இரண்டு கையையும் அப்படியே இறுக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்தப் பெஞ்சுகளை எங்கள் மக்கள் தரவில்லையா?" என்றார்.

"இல்லமா. நாங்க போட்டது. வீட்டுக்கு ஒண்ணு."

"அவர் இதை அறியமாட்டார்."

"யாரும் சொல்லலமா."

"ஏன்?"

"எல்லாரும் ஆமென்னு சொல்லிட்டோம்."

என் தோளில் அவர் கையும் அவர் தோளில் என் கையும் போட்டு எழுந்தோம். நாற்காலியில் உட்கார்ந்தோம். "அப்பாடா" என்றார் மார்கிட் அம்மா. அந்த வார்த்தை எந்தப் புத்தகத்தில் இருந்ததோ.

அன்று மாடியில் அவர்கள் பாஷையில் பேச்சு நடந்தது. மார்கிட் அம்மா குரல்தான் கேட்டது. இடையிடையே ஐயா ஒரு சின்னச் சத்தம் கொடுத்தார். எங்கள் ஆமென் மாதிரியே இருந்தது.

மறுநாள் காலை காதர் பாய் போன் செய்தார். "ரூத்தம்மா, உங்க ஐயா இங்க குடோன்ல இருக்காரு. ஒவ்வொரு பெஞ்சுக்கும் பின்னால போயி, குனிஞ்சு பேரு படிச்சிக்கினு இருக்காரு. எழுத்துக்கூட்டி, சத்தமா. டீ குடுத்தேன், வேணாம்ட்டாரு. உங்க அம்மா பேரு வந்ததும் கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டாருமா."

லாரிக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

செல்வராஜின் பண்பாடு

ஞாயிறு பெஞ்சுகள் பழைய இடத்தில் இருந்தன. மார்கிட் அம்மா முன்வரிசையில் இருந்தார். ஐயா மேடையில் நின்று, "தங்களுடையதை எங்களுடையது என்று எண்ணினேன். அது என் அகந்தை. என்னை மன்னியுங்கள்" என்றார். சபை ஆமென் என்றது. இந்த முறை மனசாரத்தான்.

அதோடு விட்டிருக்கலாம். செல்வராஜ் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"ஐயா தப்பா நெனைக்கக் கூடாது. தரை தாங்க ஐயா நம்ம பண்பாடு. நீங்க சொன்னதுல ஒரு ஆழம் இருந்துச்சு. எங்களுக்காக நீங்க பெரிய மனசு பண்ணி மாத்திக்கிட்டீங்க. ஆனா எங்களுக்கு தரை தான் ஆசீர்வாதமா இருந்துச்சு."

ஐயா குழம்பினார். சபையைப் பார்த்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. எஸ்தர்கூட வாயைத் திறந்து மூடினாள். ஐயாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர ஆரம்பித்தது. அந்த மலர்ச்சி எனக்குத் தெரியும். அது முழுசாக விரிந்தால் உள்ளே ஜமுக்காளம் இருக்கும்.

"அப்ப நீ மட்டும் கீழ உக்காருப்பா, செல்வராஜு."

யாரோ பேசினார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

முதலில் எஸ்தர் சிரித்தாள். அப்புறம் ஆண்கள் பக்கம். அப்புறம் சர்ச் முழுக்க. மார்கிட் அம்மா முன்வரிசையில் இருந்தபடியே தங்கள் பாஷையில் ஐயாவுக்கு ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்து ஓய்ந்தபிறகு ஐயா தனியாகச் சிரித்தார், மேடையைப் பிடித்துக்கொண்டு.

"கோட்டு கசங்கிடுமேக்கா" என்றார் செல்வராஜ். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஐயா பாட்டு எண்ணைச் சொல்லப் புத்தகத்தைத் திருப்பினார். சபை அமைதியாகக் காத்திருந்தது. அப்போதுதான் கவனித்தேன். அத்தனை பேர் நடுவில் நான் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருக்கிறேன். எப்போது எழுந்தேன், எதைப் பிடித்து எழுந்தேன், ஒன்றும் தெரியவில்லை. முழங்கால் வலிக்கவேயில்லை.

உட்கார்ந்தேன்.